உனக்கென்று பூட்டி வைத்த மாடி வீடு

சாமு,

நேற்று ஆராதனையில் உன் கல்யாண ஓலையை முதல் தடவையாக வாசித்தார்கள். உன் பெயரையும் ரூத்தின் பெயரையும் பாஸ்டர் மைக்கில் சொல்லிவிட்டு, இந்தக் கல்யாணத்துக்கு யாருக்காவது தடை இருந்தால் தெரிவிக்கலாம் என்று கொஞ்சம் நிறுத்தினார் பார், அப்போது முன்னால் இருந்த அத்தனை தலையும் திரும்பி என்னைத்தான் பார்த்தன. நான்கு மாதமாக நான் உன்னோடு பேசவில்லை என்பது தெருவுக்கே தெரியுமே. உன் நைனா என் முழங்கையை இடித்து, "இன்னாமே, எழுந்து கிழுந்து நின்னுடப் போற" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வாயில் முந்தானையை வைத்து அடக்கினேன். அடங்கினால்தானே! பின்வரிசையில் இருந்தவர்கள் நான் அழுகிறேன் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அந்தச் சந்தோஷத்தோடுதான் இன்று காலை நாஷ்டா முடிந்த கையோடு பேனாவை எடுத்திருக்கிறேன்.

போனில் பேசலாமே என்பாய். போனில் நான் பேசினால் கத்துவேன், நீ பேசினால் "ம்" என்பாய். என் கத்தலுக்கும் உன் "ம்"முக்கும் நடுவில் ஒரு விஷயமும் நகராது. அதனால் கடிதம். பத்தாவது வரை படித்தவள் நான், பேசுகிற மாதிரியே எழுதினால் நீ கேலி செய்வாய் என்று ஒழுங்காகவே எழுதுகிறேன். விஷயத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் ஆனதும் நீயும் ரூத்தும் வந்து எங்கள் தலைக்கு மேலே வாழ்வீர்கள் என்று கட்டி, பதினான்கு மாதம் பூட்டி வைத்திருந்த மாடி வீட்டில் நான் கை வைத்துவிட்டேன். நீ வருவாயா மாட்டாயா என்பதுதான் நமக்குள் இருந்த சண்டை. அதை எப்படி முடித்தேன் என்று சொல்லத்தான் இத்தனை பக்கம். திட்டாமல் கடைசி வரை படி.

நம் பழைய லைன் வீடு உனக்கு நினைவிருக்கும், அதிலேதானே வளர்ந்தாய். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் உன் நைனாவுக்கு வேலை நிரந்தரமானதும் இந்த மனையை வாங்கிப் பத்துக்குப் பத்தில் எட்டு அறை வரிசையாகக் கட்டி, ஷீட் போட்டோம். முதல் அறை நமக்கு, மற்ற ஏழும் வாடகைக்கு. எட்டுக்கும் சேர்த்து இரண்டு கக்கூஸ், ஒரு குழாய். ஊரான் நிலத்தில் களை பறித்துக்கொண்டிருந்தவளை "ஹவுஸ் ஓனரம்மா" என்று நான்கு பேர் கூப்பிட்டதும் தலைகால் புரியவில்லை எனக்கு. சட்டம் போட்டேன். ஒரு அறையில் நாலு தலைக்கு மேல் கூடாது. விருந்தாளி மூன்று நாளுக்கு மேல் தங்கக் கூடாது. ஷிப்டுக்குப் போகிற பெண் பிள்ளைகளுக்கு அறை கிடையாது. அப்போது வந்தவர்கள் எல்லாம் கல்யாணமாகாத பையன்கள், அவர்களுக்குத் தூங்க ஒரு இடம் போதும். அவர்களுக்கும் ஒருநாள் பெண்டாட்டி வருவாள், பிள்ளை பிறக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. உலகத்தில் எல்லாரும் பேச்சிலராகவே இருந்துவிடுவார்கள் என்று நினைத்துக் கட்டிய வீடு அது!

தனலட்சுமி ஞாபகம் இருக்கிறாளா? ஐந்தாம் அறை. புருஷன், அவள், மாமியார், ஒரு பெண் குழந்தை. நாலு தலை. இரண்டாவது பிள்ளை பிறந்து பதினாறாம் நாள், நான் போய் அவள் வாசலில் நின்று சட்டத்தைச் சொன்னேன். அவள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. அந்த வாரமே சாமானை மீன்பாடி வண்டியில் ஏற்றிக்கொண்டு, கைக்குழந்தையைத் துணியில் சுற்றிக்கொண்டு போனாள். உனக்கு அப்போது பத்து வயது. "எம்மா, நமக்கும் தம்பிப் பாப்பா பொறந்தா நம்மளையும் போவச் சொல்லுவாங்களா?" என்று கேட்டாய். பளாரென்று அறைந்தேன். கேள்வி தப்பு என்பதால் அறையவில்லை, பதில் என்னிடம் இல்லை என்பதால் அறைந்தேன். இத்தனை வருஷத்தில் அதற்கு மன்னிப்புக் கேட்டதில்லை. இப்போது கேட்கிறேன். தனலட்சுமியையும் கவரைப்பேட்டைப் பக்கமெல்லாம் விசாரித்துப் பார்த்தேன், எங்கே இருக்கிறாள் என்று தெரியவில்லை.

நீ ஆர்க்கிடெக்ட் படித்து முடித்து, கோயம்புத்தூரில் வேலைக்குச் சேர்ந்து, ஒரு லீவில் கக்கத்தில் பேப்பர் சுருளோடு வந்து இறங்கினாய். லைன் வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்றாய். நான் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். "இன்னாடா கொறை இதுல? எட்டு ரூமும் கல்லு மாதிரி கீது" என்றேன். நீ அபூர்வமாக முழுசாக ஒரு வாக்கியம் பேசினாய்: "ரூம் எட்டும் ஒரே மாதிரி கீதும்மா. எட்டு குடும்பமும் ஒரே மாதிரி இல்லியே." நியாயம்தான். மூன்றாம் அறையில் இருந்த சேட்டுவுக்குக் கம்பெனியில் இருபது வருஷமாக ராத்திரி ஷிப்டு. பகலில் மற்ற அறைப் பிள்ளைகள் போடும் கூச்சலில் முகத்தில் ஈரத்துண்டைப் போட்டுக்கொண்டு தூங்கப் பார்ப்பான். அவனுடைய அம்மா கக்கூஸ் படி ஏற முடியாமல் யாராவது கை கொடுக்கக் காத்துக்கொண்டு நிற்பாள். அவன் மகனுக்குக் கல்யாண வயசு, மருமகள் வந்தால் எங்கே படுப்பாள்? தேர்வாய் கண்டிகைக் கம்பெனிக்குப் போகும் பெண்பிள்ளைகள் வாரத்துக்கு ஒருத்தியாவது கேட்டில் வந்து நின்று "ரூம் கீதாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள். எல்லாம் தெரிந்தும் வீம்புக்கு நின்றேன்.

அந்தச் சுண்ணாம்புப் பொடி ஞாயிற்றுக்கிழமையை நினைத்தால் இப்போதும் வயிறு வலிக்கச் சிரிக்கிறேன். பேப்பரில் காட்டினால் யாருக்கும் புரியவில்லை என்று, பக்கத்துக் காலி மனையைச் சுத்தம் செய்து, கட்டப்போகிற வீட்டை முழு அளவில் தரையிலேயே சுண்ணாம்புப் பொடியால் கோடு போட்டாயே. கீழ் வீடு ஒரு பக்கம், மாடி வீடு இன்னொரு பக்கம். "எல்லாரும் வந்து சாயங்காலம் வரைக்கும் இதுல குடித்தனம் பண்ணுங்க. எது இடிக்குதுன்னு சொல்லுங்க" என்றாய். குடித்தனமா! பாய், கட்டில், ஸ்டவ், குக்கர், ஒருத்தர் பிரிட்ஜையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். உன் நைனா எவன் வீட்டுச் சுவரையும் மதிக்காமல் குறுக்கே நடந்துகொண்டிருந்தார். "யோவ், செவுத்துக்குள்ள பூந்து போறியே, பேயா நீ? கதவு அந்தாண்ட கீது பாரு!" என்று நான் கத்த, அவர் பயந்துபோய்த் திரும்பி வந்து, இல்லாத கதவைத் திறந்து, இல்லாத செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். ரோட்டில் போன ஷேர் ஆட்டோ நின்று வேடிக்கை பார்த்தது.

சேட்டு கோட்டுக்குள் பாய் விரித்துப் படுத்தான். பிள்ளைகளை மாடிப்படிக் கோட்டில் ஓடச் சொன்னான். இரண்டே நிமிஷத்தில் எழுந்து உட்கார்ந்து, "தம்பி, படிக்கட்டு என் தலைமாட்டுலயே கீது. இதுல நான் தூங்கனா மாதிரிதான்" என்றான். நீ அந்த இடத்திலேயே காலால் கோட்டை அழித்துப் படுக்கையறையைப் பின்பக்கம் தள்ளினாய். அவன் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துக் குளியலறைக் கோட்டுக்குள் இழுத்துப் பார்த்தாய், திருப்ப இடம் போதவில்லை, அதையும் அகலமாக்கினாய். நான் அடுப்படியில் நின்று தோசை ஊற்றிப் பார்த்தேன். பிரிட்ஜ் கதவைத் திறந்தால் என் இடுப்பில் இடித்தது. அதைச் சொன்னதும் நீ ஓடி வந்து மாற்றினாய். என் பேச்சைக் கேட்டு ஒரு சுவர் நகர்ந்தது எனக்கு வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த மத்தியானத்தோடு என் வீம்பெல்லாம் ஓடிப்போயிற்று.

அந்தக் குஷியில்தான் தப்புச் செய்தேன். உன் கையிலிருந்த பொடிச் சட்டியைப் பிடுங்கி, மாடியில் நம் தலைக்கு மேலே வருகிற பாகத்தில் நீ போட்டிருந்த இரண்டு சின்ன வீட்டுக் கோட்டை அழித்து, என் கையாலேயே ஒரே பெரிய வீடாகக் கோடு போட்டேன். மூன்று படுக்கையறை, பெரிய ஹால். "இது எம்புள்ளைக்கு. கல்யாணம் கட்டிக்கினு இங்கதான் இருப்பான்" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னேன். எல்லாரும் கைதட்டினார்கள். உன் நைனா மட்டும், "அவன் எங்க இருப்பானோ இன்னாவோ, அவன ஒரு வார்த்த கேளுமே" என்றார். "நீ சும்மா கெட" என்று வாயை அடைத்தேன். நீ என்னைப் பார்த்தாய், கோட்டைப் பார்த்தாய், "ம்" என்றாய். அவ்வளவுதான். தெருவில் போகிறவனை எல்லாம் கேட்டோம், உனக்கு எங்கே வாழ ஆசை என்று உன்னைக் கேட்கவில்லை.

உன் தப்பையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. வேண்டாம் என்று நீ வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ரூத்திடம் இந்த "ம்" வேலையை வைத்துக்கொள்ளாதே. அதே மாதிரி அவள் ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சரி என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. தனலட்சுமியும் ஒன்றும் சொல்லவில்லை, நீயும் ஒன்றும் சொல்லவில்லை, இரண்டு தடவையும் நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். கேள்டா. வாயால் கேள். அப்புறம் பதில் வரும்வரை நில். கல்யாணத்துக்கு உனக்கு நான் சொல்கிற புத்தி இது ஒன்றுதான்.

பிளான் அப்ரூவலுக்கு நீயும் நைனாவும் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூருக்கு நடையாய் நடந்ததும், அஸ்திவாரம் போட்ட அன்று நான் பிரியாணி ஆக்கிப் போட்டதும் உனக்கே தெரியும். கட்டி முடித்ததும் ஐந்து குடும்பம் திரும்பி வந்தது. கீழே எங்களோடு சேர்த்து நாலு வீடு, மேலே இரண்டு, அதோடு என் ஆசை வீடு. சேட்டு இப்போது பகலில் குறட்டை விட்டுத் தூங்குகிறான், அந்தச் சத்தத்தில்தான் எங்களுக்குப் பேஜாராக இருக்கிறது. அவன் அம்மா தானாகக் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டு, நடுமுற்றத்து பெஞ்சில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனையெல்லாம் விசாரிக்கிறாள். மாடி வீடு மட்டும் பூட்டிக் கிடந்தது. தினமும் போய்ப் பெருக்குவேன். ஜன்னலுக்குத் திரை கூடத் தைத்துப் போட்டேன், நீலத்தில் வெள்ளைப் பூ. வாடகைக்குக் கேட்டவர்களிடமெல்லாம் "எம்புள்ள வரப் போறான்" என்றேன். அப்புறம்தான் ஒருநாள் போனில், கோயம்புத்தூரில் ரூத் வேலை பார்க்கிற பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்திலேயே வீடு பார்த்துவிட்டோம் என்றாய். வைத்த போனை நான் எடுக்கவில்லை.

போன மாதம் மாடியில் குழாய் ஒழுகுகிறது என்று ஏழுமலை மேஸ்திரியை வரச் சொன்னேன். நம் வீட்டைக் கட்டியவர் என்ற உரிமையில் அவரிடம் உன்னைப் பற்றி ஒரு பாட்டம் புலம்பினேன். இவ்வளவு பெரிய வீட்டை இனி என்ன செய்ய என்றேன். அவர் தலையைச் சொறிந்தார். "எம்மா, கோச்சிக்காத. இந்த ஊடு ரெண்டா ஆவும்மா" என்றார். படிக்கட்டுப் பக்கத்துச் சுவரைத் தட்டிக் காட்டினார். "இங்க ஒரு வாசலுக்கு மேல செவுரு தாங்க லிண்டல் போட்டு, சும்மா ஒத்தக் கல்லு வெச்சு அடைச்சிக்கிறோம். ஒடைச்சா ரெண்டாவது வாசப்படி. நடுவுல இருக்கிற வழிய மூடினா ரெண்டு ஊடு. இந்த ரூமுல சமையலுக்குத் தண்ணி லைனும் உள்ளயே வுட்டுக்கீது. தம்பி அப்பவே சொல்லிச்சு."

அப்பவே! அஸ்திவாரம் தோண்டும்போதே நீ வரப்போவதில்லை என்று உனக்குத் தெரிந்திருக்கிறது, அதைச் சுவருக்குள் வைத்துப் பூசியிருக்கிறாய்! தடதடவென்று கீழே இறங்கிப் போய் உன் நைனாவைப் பிடித்தேன். "உனுக்கும் தெரியுமா?" என்றேன். மனுஷன் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டு, "லிண்டல் போட்டா செவுரு ஸ்ட்ராங்கா இருக்கும்னான், அதான்..." என்று இழுத்தார். அன்று ராத்திரி அவருக்குச் சோறு அவரே போட்டுக்கொண்டார்.

மறுநாள் மத்தியானம் மாடிக்குப் போய்த் தரையில் உட்கார்ந்தேன். அழத்தான் போனேன். ஆனால் எனக்கு வேறொரு நாள் ஞாபகத்துக்கு வந்தது. கல்யாணமான புதிதில் திருப்பாச்சூரில் உன் நைனா வீட்டிலிருந்து நானும் அவரும் கும்மிடிப்பூண்டிக்குப் புறப்பட்ட நாள். அவர் அம்மா பஸ் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். நானும் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? கண்ணில் ஒன்றுமே இல்லை. பஸ் திரும்பியதும் எனக்குப் பாட்டு வந்தது. நம் சமையல், நம் அடுப்பு, நம் இஷ்டம் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தேன். அந்தச் சந்தோஷம் எனக்கு வேண்டியிருந்தது, உனக்கும் ரூத்துக்கும் வேண்டாமா? என்ன நியாயம் இது? நீ என் மனசு நோகாமல் கேட்டபடி கட்டியும் கொடுத்து, என் மனசு மாறுகிற அன்றைக்கு ஒரு வாசலையும் உள்ளே வைத்திருக்கிறாய். போக்கிரிப் பயலே. உட்கார்ந்த இடத்திலேயே சிரித்தேன்.

அடுத்த நாள் கேட்டில் தேர்வாய் கண்டிகைப் பெண்கள் மூன்று பேர் வந்து நின்றார்கள். வழக்கம்போல "ரூம் கீதாக்கா?" நான் வழக்கம்போல இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தவள், "மேல வந்து பாருங்கடி" என்றேன். உன் சுண்ணாம்புக் கோட்டுப் பாடம் வீணாகவில்லை. மூன்று பேரையும் தரையில் படுக்கச் சொல்லி, அடுப்படியில் நிற்கச் சொல்லி, எது இடிக்கிறது என்று கேட்டேன். அதில் பவித்ரா என்கிற துடுக்குப் பெண், "அக்கா, எல்லாம் சரியா கீது, கதவுக்கு உள்ளாற தாப்பா மட்டும் ரெண்டு வேணும்" என்றாள். ஷிப்டுக்குப் போகிற பெண்களைப் பற்றி இத்தனை வருஷம் நான் பயந்தேன், அவர்கள் பயத்தை நான் கேட்டதே இல்லை. இரண்டு தாழ்ப்பாள் போட்டேன். இன்னொரு பாதி சேட்டுவின் மகனுக்கும் புது மருமகளுக்கும். அப்பா அம்மா கீழே, மகன் மேலே. நான் கோடு போட்ட வாழ்க்கை வேறொருத்திக்கு அமைந்துவிட்டது. பொறாமையா என்றால் ஆமாம், முதல் இரண்டு நாள். அந்தப் புது மருமகள் மூன்றாம் நாள் காலையில் கறிவேப்பிலை கேட்டு வந்து நின்றாள், அதோடு போயிற்று.

சுவரை உடைக்கிற அன்று முதல் அடியை நானே அடிக்கிறேன் என்று ஏழுமலையிடம் சம்மட்டியை வாங்கினேன். முதல் அடியில் ஒரு மண்ணும் உதிரவில்லை. இரண்டாவதில் பூச்சு விழுந்தது. மூன்றாவதில் கல் உள்ளே சரிந்து, ஓட்டை வழியாக வெளிச்சம் வந்தது. அந்தப் பக்கம் படிக்கட்டில் நின்றுகொண்டிருந்த உன் நைனா குனிந்து எட்டிப் பார்த்து, "ஹவுஸ் ஓனரம்மா, ஊடு வாடகைக்குக் கெடைக்குமா?" என்றார். அந்தப் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நடு வழியையும் அன்றே மூடியாயிற்று. அந்த அடைப்பும் ஒற்றைக் கல்தான், வேண்டுமென்றால் திரும்பவும் ஒன்றாக்கிக்கொள்ளலாம் என்று மேஸ்திரி சொன்னார். அதை மனசில் வைத்துக்கொண்டு நான் இதைச் செய்யவில்லை. சத்தியமாக. சரி, கொஞ்சம் வைத்துக்கொண்டேன்.

ஆகையால் கல்யாணத்துக்கு நீ வரும்போது உனக்கென்று இங்கே அறை இல்லை. ஹாலில் பாய் போட்டுத் தருகிறேன், ரூத்துக்குக் கட்டில். நீலத் திரையைக் கழற்றி மடித்து வைத்திருக்கிறேன், உங்கள் கோயம்புத்தூர் வீட்டு ஜன்னலுக்குச் சரியாக வருமா என்று ரூத்தைக் கேட்டுச் சொல். பிடிக்கவில்லை என்றால் வெட்கப்படாமல் சொல்லச் சொல், இங்கே நாலு ஜன்னல் சும்மா இருக்கிறது.

பவித்ராவுக்கு இந்த வாரம் காலை ஷிப்டு. ஐந்து மணிக்கு எங்கள் தலைக்கு நேர் மேலே அவள் நடக்கிற சத்தமும் வாளியை இழுக்கிற சத்தமும் கேட்கும். இத்தனை மாதம் அந்தச் சத்தமில்லாத கூரையைப் பார்த்துக்கொண்டே விடியவிடியப் படுத்திருந்தேன், உன் நைனாவிடம்கூடச் சொன்னதில்லை. இப்போது சத்தம் கேட்டதும் கண் விழிக்கிறேன். தூக்கக் கலக்கத்தில் நீதான் என்று தோன்றுகிறது. அப்புறம் நீ இல்லை என்று தெரிகிறது. தெரிந்த பிறகும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது, சாமு. எழுந்து போய் அந்தப் பெண்ணுக்கும் சேர்த்து டீ போடுகிறேன்.

அம்மா